அடியில் நிற்பது

கந்தளாய் தாண்டி ஆறாவது கிலோமீற்றரில்
என்ர கெப் இருமத் தொடங்கியது.
விடிய மூன்று பத்து.
பின்னால் முந்நூறு கிலோ சூரை,
டம்புள்ளைக்கு, ஐஸுக்குள்.

முதலில் இழுவை போனது.
மிதித்தேன்; மிதித்தது காலுக்கு மட்டும் தெரிந்தது.
பிறகு வெள்ளைப் புகை.
பிறகு அந்த மஞ்சள் விளக்கு
(ஒரு கிழமையாய் எரிந்ததுதான்,
கறுப்பு டேப் ஒட்டி வாயை அடைத்திருந்தேன்).
பிறகு ஒன்றுமில்லை.
தவளைகள். யானை முறித்துப் போட்ட வேலிக் கட்டை.

கறுப்புப் புகையென்றால் பயமில்லை,
மூச்சு முட்டுது, எயார் பில்டரைக் கழற்றித் தட்டினால்
அரைச் சுண்டு நிலாவெளி மணல் கொட்டும்.
நீலமென்றால் ஓயில் குடிக்குது,
அதுக்கு ஒரு சீட்டுக் காசு போகும்.
வெள்ளைக்குத்தான் வயிறு கலங்கும்.
றேடியேற்றர் மூடியைத் தொடவில்லை, கொதி.
பக்கத்துப் போத்தலில் தண்ணி அளவாய் நின்றது.
ஓயில் கம்பியைத் துடைத்து இழுத்தேன்:
கறுப்பு. பால் தேத்தண்ணி நிறமில்லை.
ஹெட் காஸ்கெட் தப்பியது.
பத்திரகாளிக்கு ஒரு கற்பூரம்.

டீசல் பில்டரின் அடியில் ஒரு திருகாணி.
சோடாப் போத்தலைப் பாதியில் வெட்டிப் பிடித்து
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு திறந்தேன்.
போத்தலுக்குள் ஒரு கோடு.
மேலே தேன்.
கீழே, தனக்கொன்றும் தெரியாததுபோல்,
மார்கழி மழை.

எனக்கு அந்த மழையைத் தெரியும்.
பின்வளவில் கூரைத் தகரம் முடிகிற இடத்தில்
நிமிர்த்தி வைத்த நீலப் பீப்பா.
வரிசையில் படுத்துக் கிடந்த வருசத்தின் பயத்தில்
சேர்த்துச் சேர்த்து நிரப்பினது.
மூடிக்கு ரப்பர் இல்லை, பொலித்தீன் கட்டினேன்.
சரித்து வைத்திருக்கலாம்.
கடைசி நாலு விரலை இறைக்காமல் விட்டிருக்கலாம்.
வெள்ளிக்கு வெள்ளி இந்தத் திருகாணியை
ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம்.
எவ்வளவு சின்ன வேலை, சனியன்.

தேன் மட்டும் வரும்வரை விட்டேன். இறுக்கினேன்.
மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கு, அமுக்கு.
காற்று இருந்தால் பஞ்சு. போனால் கல்.
நாற்பத்தேழாவது அமுக்கில் கல்.
சாவிக்குக் கை போனது,
அப்படியே நின்றது.

இல்ஹாம்.

நேற்றுப் பின்னேரம்
இருபது லீற்றர்க் கான் இரண்டு.
"போய் வந்து தாறன், தயாநிதி, கணக்கில் எழுதிவை."
அதே பீப்பா. எனக்குப் பிறகு அவன்.
என்னுடையதைவிட அடி.

இங்கே நின்றுபோனால் மீன் பழுதாகும், அவ்வளவுதான்.
அங்கே நின்றுபோனால்
நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டும்.
அவனுடைய போனுக்கு மணி போகவில்லை.
கொட்பேயில் ரேடியோ வைத்திருக்கும் மனோரஞ்சனை
தூக்கத்தில் எழுப்பி, கெட்ட வார்த்தை வாங்கி,
நான் ஒரு வரி சொல்ல அவன் ஒரு வரி சொன்னான்.
என்ர திருகாணி கடலுக்குப் போனது.

எஞ்சினை நீயாக நிற்பாட்டு. தானாக நிற்கவிடாதே.
பில்டரின் அடி. இடப்பக்கமாய்ச் சுற்று.
வெள்ளைப் போத்தலில் பிடி, கோடு தெரியும்.
கோடு போனதும் இறுக்கு.
கல்லாகும்வரை அமுக்கு.
"கல்லா?" என்றான் மனோரஞ்சன்.
கல் என்றே சொல்லு, அவனுக்கு விளங்கும்.

இருபது நிமிசம்.
ஐஸ் உருகிப் பின்கதவால் சொட்டும் சத்தத்தை
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

பிறகு, வேறொருத்தன் தொண்டையில்
இல்ஹாமின் மறுமொழி வந்தது:
"ஒரு லீற்றர் தண்ணி எடுத்தனாம்.
கடனை முப்பத்தொன்பதாய்த்
திருத்தி எழுதட்டாம்."

டேப்பை உரித்தேன்.
விளக்கு எரியவில்லை.
சாவியைத் திருப்ப, மூன்றாம் இருமலில்
பிடித்தது.