தன்மை ஒருமை

பதினாறு வருடமாய் எனக்கு
"நான்" என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.

திருகோணமலை நீதவான் மன்றில்
கூண்டுக்கும் மேசைக்கும் நடுவே
மின்விசிறிக் காற்று எட்டாத ஓரடி நிலம் என்னுடையது.
சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், நிறம் பூசமாட்டேன்.
தமிழாகக் காதில் நுழைவது
சிங்களமாக வாயால் வெளியேறும்.
"நான்" என்றால் நாக்கு ஒருதரம் பல்லிலும்
ஒருதரம் அண்ணத்திலும் தட்டும்.
"மம" என்றால் உதடு இரண்டுதரம் ஒட்டிப் பிரியும்.
அந்தத் தட்டலுக்கும் பிரிதலுக்கும் இடையில்
ஆள் மாறிவிடும்.

ஒன்பதே முக்காலுக்கு
நான் சீனக்குடாவில் இரும்பு திருடினேன்.
பத்தரைக்கு
வெள்ளைமணலில் இரண்டு மாடு பறிகொடுத்தேன்,
ஒன்று சினை.
தேத்தண்ணி இடைவேளைக்கு முன்
நான் என் மனைவியை அடிக்கவேயில்லை.
இடைவேளைக்குப் பின்
நான்தான் அந்த மனைவி.
அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்,
"இது அவர் செய்தது" என்றேன்.

நவரஞ்சிதம். திருக்கடலூர். தாபரிப்பு வழக்கு.
உன் கணவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார் நீதவான்.
கேட்டதைக் கொடுத்தேன்.
அவள் அவசரப்படவில்லை.
பஸ் டிக்கட்டை நாலாய் மடித்து
மூக்கில் நின்ற வேர்வையை ஒற்றினாள்.
"அவர் பொல்லாதவர் இல்லை ஐயா.
என்னோட மட்டுந்தான்."

முதல் வரியைச் சொன்னேன்.
இரண்டாவது வாய்வரை வந்தது.
உதடு ஒட்டியது,
பிரியவில்லை.
நீதவான் குனிந்து எழுதினார்,
கணவர் நல்லவரென மனுதாரரே ஒப்புக்கொள்கிறாராம்.
தவணை வருகிற மாதம் பதினெட்டு.

மிஸ் ஆரோடையும் முகம் சுளிக்கமாட்டா
என்பார்கள் கந்தோரில்.
உண்மை.
பியோன் மரியநாயகத்துக்குப் பசியென்றால்
என் சாப்பாட்டுப் பெட்டி அவனுடையது.
யாருடைய லீவுக்கும் நான் வேலை பார்ப்பேன்.
யார் பிழை விட்டாலும், மனிசர்தானே, என்பேன்.
இரவில் கண்ணாடி முன் பல் விளக்குகையில்
ஒருவரிடமும் பேசாத பேச்சை
ஒருத்தியிடம் பேசுவேன்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

எட்டு மாதமாக இடது தோளில் நோவு.
கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
எங்கே வலிக்கிறது என்று
சிங்களத்தில் கேட்டார் டொக்டர், சின்னப் பெடியன்.
சிங்களத்திலேயே சொன்னேன்:
"அவவுக்குத் தோளிலிருந்து விரல்வரை.
ராவில் கூட. அவ சொல்லமாட்டா."
பெடியன் எட்டி
எனக்குப் பின்னால் நோயாளியைத் தேடினான்.
அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை.
அதில் என் குடை.

வெளியே வந்தால் நெருப்பு வெயில்.
பஸ் நிலையத்தில் மான் ஒன்று
வரிசையில் ஆட்களோடு ஆளாய் நின்றது.
வாங்கில் நவரஞ்சிதம், மடியில் கச்சான் சுருள்.
இருங்க மிஸ், என்று தள்ளி இடம் விட்டாள்.
கோது உடைக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"அண்டைக்கு நான் சொன்னதை
முழுக்கச் சொன்னீங்களா?
கொஞ்சம் கட்டையாக் கேட்டிச்சு."

ஓம் என்று சொல்ல எனக்கு
இரண்டு மொழி தெரியும்.
"அரைவாசி" என்றேன்.

"மிச்சம்?"

"என்னட்டக் கிடக்கு."

அவள் கோபிப்பாள் என்று பார்த்தேன்.
உள்ளங்கையில் உரித்திருந்த பருப்பை
என் கையில் கொட்டினாள்.
வெறும் சுருளை மான் வாங்கிக்கொண்டது.

"அப்ப பதினெட்டாந் தேதி
மறக்காமக் கொண்டு வாங்க."

பஸ் வந்தது.
எங்கே என்று கேட்டான் கொண்டக்டர்.
நான், என்றேன்.

பிறகுதான் ஊரைச் சொன்னேன்.