மூன்றாவதில் ஆறரை

ரியோனி ஆற்றின் மேல் பனி கலையுமுன்னே
நாலு பிளக்கையும் கழற்றி
வரிசை மாறாமல் முட்டை அட்டையில் நிறுத்தினேன்.
என்னைவிட நாலு வயது இளைய ஜிகுலி.
குத்தாய்சி கடைகளுக்கு ரொட்டி சுமக்கிறது.
மூன்று வாரமாய் மேட்டில் நொண்டுகிறது.

தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு.
ரிங் போச்சு என்றான் முர்மான்.
எஞ்சினே போச்சு என்றான்
பழைய இரும்பு எடுக்கிற ஒத்தாரி,
விலையையும் கையோடு சொல்லிவிட்டு.
லமாரா அந்த விலைக்குத் தலையாட்டினாள்.
நேற்றிரவு அதில்தான் தொடங்கியது சண்டை.

இப்போது அவள் ஓட்டுகிற சீட்டில்.
திருப்பு. போதும்.
திருப்பு. போதும்.
காலையிலிருந்து நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

ஏழு. ஏழு. நாலு. ஏழு.

கேஜைத் தட்டிப் பார்த்தேன்.
வயிற்றில் எதுவோ இறங்கியது.
எந்த எஞ்சினும் இப்படிச் சேர்ந்தாற்போலவா
சாகும்?

"ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லவேயில்லையே"
என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

உண்மைதான்.
வாயைப் பொத்திவிட்டு
மூச்சை அளந்திருக்கிறேன்.

மிதித்தாள், அடிவரைக்கும்.
பதினொன்று. பத்தே முக்கால். ஆறரை. பதினொன்று.
ரொட்டி ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

எண் பெரிதா சிறிதா என்பது அப்புறம்.
நாலுமே ஒன்பது என்றிருந்தால்
தட்டிக்கொடுத்து இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம்.
பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து விழுந்தால் கேஸ்கெட்,
ஒன்றின் காற்று இன்னொன்றின் வீட்டுக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம்.
இங்கே இரண்டும் நாலும் திடமாய் நிற்க
நடுவில் ஒருத்தன் மட்டும்.
முதல் உதையில் ஆறு,
பிறகு எத்தனை உதைத்தாலும் ஆறரை.

மூன்றாவது துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன்.
தேய்ந்தது ரிங் என்றால் எண்ணெய் அந்தச் சந்தை அடைக்கும்,
முள் துள்ளிக்கொண்டு மேலே போகும்.
லமாரா கேட்காமலே மிதித்தாள்.

ஆறரை.
மயிரிழை மேலே, அவ்வளவுதான்.

முர்மான் தோற்றான்.
கோளாறு கீழே இல்லை, மேலே.

மேல்மூடியைத் திறந்து
நூறில் பதினைந்து மில்லிமீட்டர் தகட்டை
ஒவ்வொரு வால்விலும் நுழைத்துப் பார்த்தேன்.
ஏழில் நுழைந்தது, இறுக்கமாய்.
மூன்றாவதின் புகைவால்வில்
நுனியைக்கூட விடவில்லை.

அக்டோபரில் நான் வைத்த கை அது.
விடியற்காலை ஐந்துக்கு
டக் டக் டக் என்று தெருவை எழுப்புகிறது என்றார்கள்.
அடக்கினேன்.
பூனை மாதிரி ஓடுகிறதே என்று
மாடியிலிருந்து சியூரி மெச்சினாள்.
குளிர்காலம் முழுக்க அந்தப் பெருமையில் ஓட்டினேன்.

வால்வுக்கு விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.
சூட்டில் அது நீளும்.
நீள இடமில்லாவிட்டால் உட்கார முடியாது,
மூடாத விளிம்பு வழியே
ஒவ்வொரு வெடிப்பின் நெருப்பும்
அதன் உதட்டை நக்கிக்கொண்டு வெளியே போகும்.
ஒரு சத்தமும் வராது.

திருகைத் தளர்த்தி, தகட்டை வைத்து, பூட்டினேன்.
எட்டும் அதேபோல.
திரும்ப அளந்தோம்.
மூன்றாவதில் எட்டரை.

எவ்வளவு வெந்திருக்கிறது என்று
ஹெட்டைக் கழற்றாமல் சொல்ல முடியாது.
கழற்றினால் புதன்கிழமை ரொட்டி போகாது.
ரசீதில் ஆறரையை அடிக்காமல்
பக்கத்தில் எட்டரை என்று எழுதினேன்.

பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.
முட்டை அட்டைக்கு அடியில்
ஸ்பேனர்கள் நடுங்கின.
டக் டக் டக்.

"சத்தம் போடுது" என்றாள் லமாரா.
"போடட்டும்."

மாடியில் சியூரியின் ஜன்னல் திறந்தது.
அவள் வாயைத் திறக்குமுன்
லமாரா தலையை வெளியே நீட்டினாள்,
"இனிமே இப்படித்தான்" என்று கத்தினாள்,
யாரிடம் சொல்கிறாள் என்று பார்க்க
நான் நிமிரவில்லை.