பத்தொன்பதாம் நாள்

பால், அரிசி, பஸ் காசு தவிர
ஒரு மாதம் எதுவும் வாங்குவதில்லை
என்று காலண்டரில் எழுதியவள் நான்தான்.

அலமாரியின் அடியில்
போன வருஷத்து ஜவ்வரிசி கிடைத்தது,
பிரிக்காத மூன்று ஷாம்பு பாட்டில்.
எப்போது வாங்கியதென்று
சீரங்கனுக்கும் நினைவில்லை.

அம்மாபேட்டை முனையில்
தட்டுவடை செட் வண்டியைத் தாண்டுகையில்
போனைக் காதில் வைத்துக்கொள்வேன்,
யாரும் அழைக்காத போனை.

நேற்று வண்டிக்கார அக்கா கூப்பிட்டேவிட்டார்.
"என்னாச்சு கண்ணு, உடம்புக்கு முடியலயா?
காசு கெடக்குது, சாப்பிடு."
பீட்ரூட் துருவல், காரச் சட்னி,
இரண்டு தட்டுவடைக்கு நடுவே
நொறுங்கியது பதினெட்டு நாள்.

இரவு நோட்டில்
செலவு: பூஜ்யம்.
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
வரவுக்கென்று அதில்
கோடே கிழித்திருக்கவில்லை.