கேள்வி எண் முப்பத்தொன்று

அஞ்செட்டியில் இறங்கி
மினிபஸ் போகாத ஆறு கிலோமீட்டரை நடந்து
ஆலதொட்டி சேரும்போது மணி பதினொன்று.
கேழ்வரகுக் கதிர் காயும் களத்தில்
ஒரு நாயும் நானும்.

பையில் இருபத்திரண்டு தாள் கொண்ட படிவம்.
மேல் தாளில் ஒரு பெயர்:
ருத்ரேசன், ஆண், வயது பத்தொன்பது.
இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பதிவேடு எழுதியிருந்தது: வயிற்றுவலி.

பத்தொன்பது வயது வயிற்றுவலியில் போகுமா?
அதைக் கேட்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்னை.
நாளுக்கு எழுநூறு ரூபாய், பஸ் காசு தனி.

கெம்பம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள்.
பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ்.
"அவன்தான் போயிட்டானே, இன்னும் என்ன எழுத?"
கையேட்டின் நான்காம் பக்கம் சொல்கிறது:
எந்த உதவிக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.
நான் கொடுக்கவில்லை.
அவள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்.

காய்ச்சல் இருந்ததா? இல்லை.
பேதி? இல்லை.
இருமல், மூச்சிரைப்பு, மஞ்சள் கண்?
இல்லை, இல்லை, அதுவும் இல்லை.

கேள்வி எண் முப்பத்தொன்று:
இமை தொங்கியதா?

புளி தட்டும் சத்தம் நின்றது.

"கண்ணைத் திறக்க முடியலை சாமி.
விடியக்காலம் வயிறு பிசையுதுன்னான்,
ஓமம் கொதிக்க வெச்சுக் கொடுத்தேன்.
எழுந்திருடான்னா இமையைத் தூக்க மாட்டேங்குறான்.
தூக்கக் கலக்கம்னு திட்டினேன்.
நான் திட்டினேன், எழுதிக்க."

அதற்குக் கட்டம் இல்லை அந்தப் படிவத்தில்.

படுத்தது எங்கே? தரையில்.
கடித்த தடம்? ஒண்ணும் பாக்கலை.
தலைமாட்டில் தானிய மூட்டை? இருந்துச்சு.
எலி?
"எலி இல்லாத வீடு எது?"

கட்டுவிரியன் என்ற சொல் வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
காரணம் சொல்வது மருத்துவர்கள் வேலை,
இரண்டு பேர்,
ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் எழுதுவார்கள்.
என் வேலை கேட்பது,
கேட்டதில் ஒரு சொல் கூட்டாமல் இறக்குவது.

உரிகம் பக்கம் பேய் அறைந்து இறந்த ஒரு பெண்,
அவளுக்கும் இமை தொங்கியிருந்தது.
தளி போகும் வழியில் ஒரு மாரடைப்பு,
மாரடைத்தவனுக்கு வயது பதினொன்று.
அவனுக்கும்.

எட்டு மாதத்தில் பதினேழு.
ஒவ்வொரு வீட்டிலும் அது அந்த வீட்டின் தலையெழுத்து.
பதினேழையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தபோது
தலையெழுத்து கலைந்து
ஒரு தூரம் தெரிந்தது.
மருந்திருக்கும் குளிர்பெட்டி ஒரு மூலையில்,
புள்ளிகள் எல்லாம் எதிர்மூலையில்,
நடுவே மூன்று மணி நேரம், மலைப்பாதை, இருட்டு.

பிறகு நடந்ததில் பெரிய கதை ஒன்றுமில்லை.
கூட்டம், கடிதம், மறுபடி கூட்டம்.
இரண்டு அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள்.
மலைமேல் சுகாதார நிலையத்துக்குக் குளிர்பெட்டி வந்தது,
அதற்கு மின்சாரம் வர மேலும் நாலு மாதம்.
இப்போது உள்ளே எண்ணி இருபது குப்பி விஷமுறிவு மருந்து.
செவிலியர் மேசைக்கு மேல் ஒட்டிய தாளில் முதல் வரி:
தடம் தேடி நேரம் போக்காதீர், இமையைப் பாருங்கள்.
ஆடி மாதம் சௌபாக்யா என்றொரு பிள்ளை
தக்காளி வண்டியில் படுத்து வந்து
ஐந்தாம் நாள் நடந்து திரும்பினாள்.
அவளுக்கு ருத்ரேசன் யாரென்று தெரியாது.
தெரிந்துதான் பிழைக்க வேண்டும் என்றில்லை.

இந்த மாதம் வேறு கணக்கு, பிரசவங்கள்.
ஆலதொட்டி வழியாகத்தான் போக வேண்டும்.
கெம்பம்மா வீட்டில் மூட்டைகள் பரண் ஏறியிருந்தன.
தரையில் அதே பாய்,
நாலு பக்கமும் விளிம்பைப் பாய்க்கடியில் செருகிய
நீலக் கொசுவலை,
பட்டப்பகலிலும் அவிழ்க்காமல்.

என்னை அடையாளம் கண்டு கேட்டாள்:
"எழுதிக்கிட்டியா?"
எதை என்றேன்.
"திட்டினதை."

எழுதியிருக்கேன் என்றேன்.
பொய் இல்லை.
தாளின் ஓரத்தில், பென்சிலில்,
கணினி படிக்காத இடத்தில்.