பக்க வேலை

மூக்குக்கே முப்பது நிமிஷம் ஆனது எனக்கு.
நீளம், அகலம், நுனியின் சரிவு,
எல்லாவற்றுக்கும் ஒரு பட்டை, இழுத்து இழுத்துப் பார்க்கலாம்.
என் மூக்கு மட்டும் வரவே இல்லை.
கடைசியில் காது நீண்ட ஒருத்தியை உண்டாக்கி
மாடக்குளத்தாள் என்று பேர் வைத்தேன்.
கையில் கோடரி, தோளில் நரித்தோல்.

இந்த மாதிரி விளையாட்டில் எனக்குப் பிடித்தது பக்க வேலைதான்.
உலகம் அழியப்போகுது, ஓடி வா என்று
மலைமேல் மந்திரவாதி தொண்டை கிழியக் கத்துவான்.
நான் தொலைந்துபோன ஆட்டைத் தேடிக்கொண்டு
ஆற்றங்கரையில் மூன்று நாள் கிடப்பேன்.
அதுவரை உலகம்
அழியாமல் காத்திருக்கும், பாவம்.

இன்னாசிக்கு இது ஆகாது.
"நேராப் போ, ராஜாவப் போடு, முடிச்சிட்டுத் தூங்கு."
அமெரிக்க அரசியலிலும் அவனுக்கு அதே அபிப்பிராயம்.
கோதண்டன் விதிப்புத்தகம் படிக்கிற ஆள்.
ஷிப்ட் முடிந்து விடிகாலை மூன்றே முக்காலுக்கு
விராட்டிப்பத்து பரோட்டாக் கடையில்
சால்னாக் கிண்ணங்களை மாகாணங்களாக அடுக்கினான்.
"இந்தக் கிண்ணத்துல அவனுக்கு ஒரு சொட்டு கூட இருந்தா
மொத்தக் கிண்ணமும் அவனுக்குத்தான்."
"அப்ப மிச்சப் பேரோட சால்னா?"
"கணக்குல வராது."
ஊர் முழுக்கக் கூட ஓட்டு வாங்கியும் தோற்கலாம் என்றதும்
கல்லில் வீசிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.
"போங்கு ஆட்டம்" என்றார்.
மறுபடி மாவுக்குப் போய்விட்டார்.

நானும் ஒன்று சொன்னேன்:
ரெண்டே கட்சி என்பது
ரெண்டே வேடம் தருகிற விளையாட்டு.
வாள்காரன், இல்லையென்றால் வில்காரன்.
சமையல்காரியாகவே இருந்து ஜெயிக்கிறேன் என்றால் விடமாட்டார்கள்.
"மூணாவது இருக்கு" என்றான் கோதண்டன்,
"அதுக்கு உயிர் கம்மி."

பகலில் தூங்கி வடபழஞ்சியில் விழித்து
ஓஹியோவின் முழங்கால்களுக்குப் பில் போடுகிறவள் நான்.
கண்ணாடிக்கு வெளியே இருட்டில் நாகமலை படுத்திருக்கும்.
எந்தக் கவுன்டியில் எத்தனை இடுப்பெலும்பு என்று தெரியும்.
அங்கே மண் என்ன நிறம் என்று தெரியாது.

அவர்கள் ஓட்டுப் போட்ட செவ்வாய்க்கிழமை.
டொலீடோவிலிருந்து ஒரு பெண்மணி, எழுபத்தெட்டு வயசு,
மறுக்கப்பட்ட கிளெய்ம், முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
எண்ணைச் சரிபார்க்கிற இடைவெளியில் கேட்டாள்:
"நீ யாருக்குப் போட்டே, மேகி?"
ஒன்பது மணி நேரத்துக்கு என் பேர் மேகி.

திரையின் அடியில் மூன்று பதில்கள் எழும்பினாற்போல் இருந்தது.
ஒன்று: அரசியல் பேச எங்களுக்கு அனுமதி இல்லை, மேடம்.
இரண்டு: இன்னும் போடவில்லை.
மூன்று: லைனைத் துண்டி.

ஊர்வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான்.
டிராகன் செத்தாலும், ராஜா மாறினாலும்,
"இன்னிக்குக் காத்து பலமா இருக்கு" என்பான்.
எத்தனை தடவை வைதிருப்பேன் அவனை.
அவனுக்கும் யாரோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு
ஒட்டுக்கேட்டிருப்பார்கள்.

"இங்கே மழை, மேடம்" என்றேன்.
லைனில் கொஞ்சம் இரைச்சல்.
"இங்கேயும்தான்" என்றாள்.
மாதாகோயில் நிலவறையில், உடைந்த பியானோ பக்கத்தில் வரிசையாம்.
நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஓட்டுப் போடும் வரை கையிலேயே வைத்திருந்தாளாம்.
யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை.
நாலு நிமிஷம் கூடிப்போய் என் சராசரி விழுந்தது.

புதன்கிழமை மத்தியானம் எழுந்தபோது
கோதண்டன் வரைபடமாக அனுப்பித் தள்ளியிருந்தான்.
இன்னாசி பந்தயத்தில் நூற்றைம்பது ரூபாய் தோற்றிருந்தான்.
மாடக்குளத்தாளை ஊர்வாசலுக்கு நடத்திப்போய்
காவல்காரன் பக்கத்தில் நிறுத்தினேன்.
காத்து பலமா இருக்கு, என்றான்.
ஆமாம் என்று சொல்ல அதில் பட்டன் இல்லை.

ராத்திரி வேலைக்குள் நுழைந்ததும்
டொலீடோ எந்த நிறம் என்று பார்க்கத் தோன்றவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலரைத்தான் தேடினேன்.
பரிசீலனையில், என்றிருந்தது.