மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்

லதானின் முகத்தை நான் பார்த்ததில்லை.
தாம்பரே நகரின் தாய்சேய் நல அறையில்
எடைக் கருவிக்குப் பக்கத்தில் என்னை வைப்பார்கள்,
ஒரு தொலைபேசியாக.
காகிதம் கசங்கும். யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள்.
என் முதல் வாக்கியம் மாறாது:
கேட்டதை மட்டும் சொல்வேன்,
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

"பிப்ரவரி பதினேழு பிறக்கும்" என்றார் செவிலி தூலிக்கி,
ரயில் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.
"அல்லாஹ் நாடினால்" என்றாள் லதான்.
பின்னிஷில் சொன்னேன்.
"ஏன், தேதியில் சந்தேகமா?" என்றார் தூலிக்கி.

அரசாங்கம் அனுப்பும் அட்டைப்பெட்டி வந்துவிட்டதா?
வந்துவிட்டது.
சட்டைகள் அளவாக இருக்கின்றனவா?
பிரிக்கவில்லை.
பிறக்காத பிள்ளைக்கு யாராவது சட்டை மடிப்பார்களா,
கட்டிலுக்கடியில் நாடா ஒட்டியபடியே கிடக்கிறது.
தூலிக்கி எதையோ எழுதிக்கொண்டார்.
பேனா நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்திருக்கும்.

இருபத்தெட்டாம் வாரம். வளைகோடு சரிகிறது.
சாப்பிடுகிறாளா? வீட்டில் பணம் இருக்கிறதா?
கணவர் அடிக்கிறாரா? (கேட்க வேண்டும் என்பது விதி,
கேட்டுவிட்டு அவரே இருமினார்.)
"பசியில்லை" என்றாள்.
"பசியில்லை" என்றேன்.

எனக்குத் தெரியும் அந்தப் பசியின்மை.
அரைத் தட்டுச் சோறு, ஒரு பேரீச்சம்பழம், போதும்.
பிள்ளை சின்னதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும்,
பெருத்தால் கத்தி வரும்,
ஒருமுறை வந்த கத்தி மறுமுறையும் வழி கேட்டு வரும்,
மூன்றோடு கதவைச் சாத்திவிடுவார்கள்
என்று ஹெர்வந்தா அடுக்குமாடிச் சமையலறைகளில்
ஏலக்காய்த் தேநீர் ஊற்றியபடி
சொல்லிக்கொள்கிறோம் நாங்கள்.
ஒன்பது வருடம் முன்பு நானும்
பகலெல்லாம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
கீழ்வீட்டு ரொட்டி வாசனையில் இரவில் அழுதிருக்கிறேன்.
அதைப் பெயர்த்துச் சொல்ல
யாரும் ஆள் வைக்கவில்லை.

முப்பத்து மூன்றாம் வாரம்.
கடையின் வண்டி நிறுத்தத்தில் இருந்தேன்,
வெளியே மைனஸ் இருபது, பின்னிருக்கையில் பால் உறைகிறது.
பிள்ளை வளரவில்லை, நாளைக்கே சேர வேண்டும்,
தேவைப்பட்டால்... என்று தூலிக்கி அந்தச் சொல்லைச் சொன்னார்.
அவர்கள் மொழியில் அது பேரரசரின் வெட்டு.
தலையில் கிரீடம் வைத்த சொல்.
எங்கள் மொழியில் அதற்கும்
ஆட்டை அறுப்பதற்கும் வேர் ஒன்று.
இந்தக் கரையில் கிரீடத்தோடு ஏறியது
அந்தக் கரையில் ரத்தம் சொட்ட இறங்கியது.

அப்போதுதான், மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், என்றேன்.
முதலில் ஒரு மொழியில், பிறகு மற்றதில்.
அவளுக்குப் பசியிருக்கிறது.
கத்திக்குப் பயந்து சாப்பிடாமல் இருக்கிறாள்.
இதையும் இரண்டு மொழியிலும் சொன்னேன்,
யாருக்கும் தெரியாமல் எதுவும் பேசக்கூடாது என்பதால்.

"உன்னை யார் கேட்டது?" என்றாள் லதான்.

"என்ன சொல்கிறார்?" என்றார் தூலிக்கி.

"உன்னை யார் கேட்டது, என்கிறார்."
கூட்டவில்லை. குறைக்கவில்லை.

காரின் கண்ணாடியில் என் மூச்சு
வெள்ளையாகப் படிந்துகொண்டே போனது.
அந்தப் பக்கம் விசைப்பலகைகூட ஓசையிடவில்லை.
பிறகு லதான்,
என்னிடமா அவரிடமா தெரியவில்லை,
"இப்போது சாப்பிடத் தொடங்கினால் நேரமிருக்கிறதா?"

சொன்னேன்.
தூலிக்கியின் பதிலையும் சொன்னேன்.
அது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த முறைக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்டாளாம்.
நாற்பத்தேழு நிமிடங்களுக்குச் சம்பளம் வந்தது,
பேசாமல் இருந்த நிமிடங்களும் சேர்த்து.

ஏப்ரலில், மூன்றாம் எண் டிராமில்,
சாம்பிராணி மணக்கும் சால்வையோடு ஒருத்தி ஏறினாள்.
தள்ளுவண்டிக்குள் மிகச் சிறிய கை,
மணிக்கட்டில் வெள்ளைப்போளம் கோத்த கயிறு.
நாற்பது நாள் இருட்டறை முடித்த கண்கள்
வெயிலைக் கூசிக்கொண்டிருந்தன.
முகம் எனக்கு உதவாது.
ஒரு வார்த்தை பேசட்டும் என்று காத்திருந்தேன்,
நான் ஒரு வார்த்தையும் பேசாமல்.
பிள்ளை முனகியது. அவள் குனிந்து
போர்வையை மட்டும் சரிசெய்தாள்.
ஹெர்வந்தாவில் இறங்கிப் போய்விட்டாள்.