முப்பத்தேழாவது வரிசை

ரோஸ் ஹில், மூன்றாம் மாடி.
புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு.
ஜன்னல் கண்ணாடியில் குறுக்காகப் பழுப்பு நாடா.
மூடும்போதெல்லாம் ஆர் கேட்கும்:
வேலைப்பரப்பைச் சேமிக்கவா?
வேண்டாம். எப்போதும் வேண்டாம்தான்.
நேற்றைய மிச்சத்தில் இன்று சமைப்பதில்லை.
எனக்கிருக்கும் ஒரே ஆசாரம் அது.

மாஹெபூர்க் கரையில் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்,
கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகள்.
தூக்கத்தைப் பற்றி இருபது கேள்வி.
ஒன்பதாவது:
சென்ற வாரம் எத்தனை இரவு
கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தீர்கள்?
சுழி முதல் ஏழு வரை.

முப்பத்தேழாவது வரிசை, மதாம் அரெக்கியோன்.
கோப்பில் பெயர் கிடையாது, எண்தான்.
எனக்கும் தெரிந்திருக்கக் கூடாது;
கொராலி பஸ்ஸில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.
அந்தக் குடும்பப்பெயர் ஒரு காலத்தில்
ஆரோக்கியம் என்று இருந்திருக்கலாம்.
வெறும் ஊகம்.
இதற்கு நம்பிக்கை இடைவெளி கேட்காதீர்கள்.

ஒன்பதுக்கு அவள் சொன்னது: பா கொனே.
தெரியாது.
சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாளாம்.
கொராலி தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள்.
எக்ஸெல்லில் ஏற்றும்போது
சுழி போட்டுவிட்டாள்.

சுழி என்றால் ஓர் இரவும் இல்லை,
நிம்மதியாக உறங்குகிறவள்.
தெரியாது என்றால்
எழுந்தாளா, படுக்கவே இல்லையா,
தட்டியது கதவா என்றே தெரியாதா?

சுழியை எடுத்தேன். விடுபட்டது என்று பதிந்தேன்.
இரண்டே எழுத்து, ஒரு வரி நிரல்,
ஏன் என்று மேலே ஒரு குறிப்பு.
பிறகு முழுக் கட்டுரையையும் ஓடவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் எண்களை நான் எழுதுவதில்லை.
வாக்கியத்தின் நடுவில் சிறு துளை விட்டு
உள்ளே ஒரு கட்டளையை வைத்திருக்கிறேன்,
தரவு சொல்வதை அது கொண்டுவந்து வைக்கும்.
பதினெட்டு நொடி.
இரண்டாம் அட்டவணை மாறியது.
மூன்றாம் படத்தின் கோடு கொஞ்சம் படுத்தது.
ஐந்தாம் பக்கத்தில் 0.043 எழுந்து போக
0.061 வந்து உட்கார்ந்தது,
எந்த வெட்கமும் இல்லாமல்.

ஆனால் சுருக்கத்தில் அதே 0.043.
ஆகஸ்டில், மாநாட்டுக்குக் கடைசி நாள்,
பஸ்ஸில் நின்றபடி
நான் கையால் அடித்த எண்.
பத்தொன்பது பக்கமும் இடம்பெயர்ந்துவிட,
என் விரல் பட்ட ஒன்று மட்டும்
பழைய சந்தோஷத்திலேயே நிற்கிறது.

முருவெனை அழைத்தேன்.
க்யூர்பிப்பில் வழக்கமான மழை, குரல் விட்டுவிட்டு வந்தது.
அவன் வைத்திருப்பது வேர்ட் கோப்பு:
இறுதி, இறுதி இரண்டு, மெய்யாகவே இறுதி.
"ஒரே ஒரு வரிசைதானே. சுழியாகவே இருக்கட்டும்.
நேரில் பார்த்தவள் கொராலி, நீயல்ல."
நல்ல வாதம். சிக்கலே அதுதான்.
இரவு பதினொரு மணிக்கு
0.05இன் இரு கரையிலும் நல்ல வாதம் கிடைக்கும்.

"இதே வரிசை
0.061ஐ 0.043 ஆக்கியிருந்தால்
ஒரே வரிசைதானே என்று விட்டிருப்பாயா?"
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
நான் விட்டிருப்பேனா?
பா கொனே.

சுருக்கத்தில் அந்த எண்ணை அழித்து
அங்கேயும் துளை போட்டேன்.
"கண்டறிந்தோம்" என்ற சொல்லுக்குத் துளை போட முடியாது,
அதை நானே மாற்ற வேண்டியிருந்தது.
எட்டு சொல் கூடிவிட்டது. இதழின் வரம்பு இருநூற்றைம்பது.

மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியது.
மூடுவதற்கு முன்
ஒன்பதாம் நிரலை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.
இன்னும் பதினான்கு சுழிகள்.
தாள்கள் மாஹெபூர்த் தேவாலயத்து அலமாரியில்.
எச்சரிக்கை மூன்றானால்
நாளைக்கு பஸ் ஓடாது.